கால் எட்டு

அச்சகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை; ஒற்றுக்காரர் என்றுதான் சொல்வார்கள். முப்பது வருஷம் பிழை திருத்தியவர். 'பூசெடி' என்று யாராவது அடித்துவிட்டால், விட்டுப்போன ஒரு 'ச்' ஒற்றுக்காக வீடே இடிந்தது போலக் குதிப்பார். அவர் வாய்விட்டுப் படிக்க, எதிரே உட்கார்ந்து மூலப்பிரதியைப் பார்த்து வரிக்கு வரி 'ம்' சொன்ன பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டார். 'ம்' வந்த வரியில் பிறகு யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவர்கள் மேஜையின் சட்டம். அவர் வேண்டுமென்றே தப்பாகப் படித்துச் சோதிப்பார். அவள் பென்சிலால் அவர் விரலில் ஒன்று வைப்பாள்.

ஓய்வுக்குப் பிறகு இருவருக்கும் வண்டுப் பைத்தியம் பிடித்தது. பஸ் டிப்போ மதிலுக்குப் பின்னால், யாரும் விதைக்காமலே பூத்துக் கிடக்கும் மஞ்சள் பூக்களிடம் காலையில் போவார்கள். அவர் குனிந்து பார்த்து, வண்டின் அடையாளத்தைச் சொல்லி எழுதுவார். அவள் எட்டிப் பார்த்து, 'ம்' என்று நோட்டில் டிக் போடுவாள்.

மழைக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். டிக் இல்லாத வரிகள் பதினோரு பக்கம் சேர்ந்துவிட்டன.

இன்று ஒரு புது வண்டு. தலையைப் பூவுக்குள் விட்டு, பின்பக்கத்தை மட்டும் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகளுக்குப் போன் போட்டார்.

"ஆபீசுக்குக் கிளம்பிட்டிருக்கேன்ப்பா. ஏதாவது அவசரமா?"

"இல்லம்மா. நான் படிக்கிறேன், நீ கேட்டுக்கிட்டே இரு, போதும்."

"சரி, சொல்லுங்க."

"முதுகு பச்சை."

"ம்."

அச்சு அசல் அவள் அம்மாவின் 'ம்'. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓரத்துல செம்பு நிறம்."

"ம்." பின்னால் பாத்திரம் உருண்டது. "சாக்ஸ் எங்கடா?" என்று யாரையோ அதட்டினாள்.

ஒற்றுக்காரருக்குச் சந்தேகம் தட்டியது. பழைய புத்தி எங்கே போகும்?

"கால் எட்டு."

"ம்."

வண்டு தன் ஆறு காலோடு மகரந்தத்தில் புரண்டுகொண்டிருந்தது. தான் தனியாள் என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது.

"அவ்வளவுதாம்மா. பார்த்துப் போ."

"சரிப்பா. சாப்டீங்களா?" என்றவள், பதிலுக்கு முன்பே வைத்துவிட்டாள்.

அவர் நோட்டைப் பிரித்தார். 'கால் எட்டு' என்று எழுதி, நேரே ஒரு டிக் போட்டார்.