தண்ணீர்ப் பாவாடை

பள்ளிப் பேருந்து ஓட்டும் உலூலானியின் வாயிலிருந்து முதல் மீன் விழுந்தது 1987 அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. விரல் நீளம், கறுத்த முதுகு, அருவியில் ஏறும் ஓ’ஓபு. ஹவாயின் மாவித் தீவில், அந்தப் பள்ளத்தாக்கில் நூறு வருடமாக யாரும் அதைப் பார்த்ததில்லை. கரும்புத் தோட்டக் கம்பெனி மலையைக் குடைந்து ஓடையைத் திருப்பிக்கொண்டு போனதிலிருந்து மீனும் இல்லை, சேம்பு வயல்களும் இல்லை.

தொண்ணூறு வருடம் பள்ளிகளில் ஹவாய் மொழிக்கு இடமில்லாததால் உலூலானிக்கும் அது தெரியாது. மகள் கவேனாவைத் தாய்மொழி மட்டுமே பேசும் புது மழலையர் பள்ளியில் சேர்த்தபோது, பெற்றோரும் படித்தாக வேண்டும் என்றார்கள். அந்த மீனின் பெயரை உலூலானி பதினோரு வாரம் தப்பாகவே சொன்னாள்.

“அம்மா, பஸ் மாதிரி ஓட்டாத. நடுவுல பிரேக் போடு,” என்றாள் நாலு வயது கவேனா. “தொண்டைய ஒரு தடவ மூடித் திற.”

மூடித் திறந்தாள், மீன் வந்தது. அதன்பின் சரியாகச் சொன்ன சொல்லெல்லாம் எதையாவது கொண்டுவந்தது: இறால், நத்தை, சில காலைகளில் பேருந்துக்குள் பொடிமழை. பிள்ளைகள் குடையோடு ஏறப் பழகினார்கள்.

மூன்றாம் வருடம், தண்ணீரைத் திருப்பிக் கேட்டு ஊரார் போட்ட மனு நீர்வள அதிகாரியின் அலுவலகத்தில் விசாரணைக்கு வந்தது. கம்பெனி வக்கீல் பழைய வரைபடத்தை விரித்தார்.

“ஐயா, ஓடையோட பேரே வைபௌ. ‘தண்ணி தீந்துபோச்சு’ன்னு அர்த்தம். இல்லாத தண்ணிய நாங்க எப்படி எடுத்திருப்போம்?”

உலூலானி எழுந்தாள்.

“அது உங்க சர்வேயர் காதுல விழுந்த பேரு. எங்க கொள்ளுத்தாத்தா பத்திரத்துல, பொம்பளப் பாவாடை மாதிரி விரிஞ்சு விழுற அருவின்னு இருக்கு. அதப் படிக்க எனக்கு மூணு வருசம் ஆச்சு. பேரு வைபா...”

மூச்சை நிறுத்தினாள். மின்விசிறியும் நின்றது.

“...ஊ.”

ஓடை கதவுக்கு அடியில் நுழைந்தது. அதிகாரி நாற்காலிமேல் ஏறி நின்று, “உங்க தரப்புல ஆட்சேபணை இருக்கா?” என்று கேட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்ற வக்கீல், இல்லை என்றார். உத்தரவு எழுதி முடியும்வரை ஊரார் தண்ணீரை அடித்து அடித்துப் பாடினார்கள்.

மறுவருடம் நாற்பது வயல்களில் சேம்பு விளைந்தது. அலுவலகத்தை யாரும் இடம் மாற்றவில்லை. மனு கொடுக்க வருபவர்கள் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள்.