லிண்ட்கிராத்தில் ஆள் இருக்கிறது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை மறைத்துப் பழக்கமில்லை. எழுபத்தைந்தாம் வருஷம் மார்ச் மாதம் என் மேஜை முன்னால் ஜெகதீசன் சார் வந்து நின்றபோதும் அதுதான் வந்தது.

டொராண்டோவில் உலக வரைபடப் புத்தகம் போடும் கம்பெனி ஒன்றில் ஊர்ப்பெயர் ஒட்டுவது என் வேலை. பெயர்களை மெல்லிய தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். பின்பக்கம் மெழுகு தடவியிருக்கும். ஒவ்வொன்றாய் பிளேடால் வெட்டி, படத்தில் அதனதன் இடத்தில் ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஜெகதீசன். மயிலாப்பூர்க்காரர், நல்ல மனுஷர்தான். மேலே இருப்பவர்கள் இருமினால் இவருக்குக் காய்ச்சல் வரும், அவ்வளவுதான்.

அன்றைக்கு மேற்கு ஜெர்மனிப் படத்தை விரித்து, கொலோன் நகரத்துக்கு மேற்கே ஒரு புள்ளியில் பென்சிலை வைத்தார்.

"தனபாக்கியம், இந்த லிண்ட்கிராத்தை எடுத்துடும்மா. புத்தகம் கடைக்கு வர்றதுக்குள்ள அந்த ஊரைத் தோண்டிடுவாங்களாம்."

பக்கத்து மேஜையில் ஹெல்காவின் பிளேடு நின்றது. அவள் பிறந்த ஊர் அது.

லிண்ட்கிராத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் ஹெல்கா சொல்லிச் சொல்லி, கண்ணைக் கட்டி விட்டாலும் கோயிலுக்கு வழி கண்டுபிடித்துவிடுவேன். சமதரை. எங்கு பார்த்தாலும் சர்க்கரை காய்ச்சுகிற பீட்ரூட் வயல். ஊருக்குக் கிழக்கே ஓர் ஓடை, நடுவில் மாதா கோயில், அதைச் சுற்றிச் செங்கல் வீடுகள். கிணறு தோண்டப் போன குடியானவர்களுக்கு ஒரு காலத்தில் தண்ணீருக்கு முன்னால் பழுப்பு நிலக்கரி கிடைத்ததாம். ஈரக் கரியைக் காலால் மிதித்து, வாளியில் அடைத்துக் கவிழ்த்து, நம் வறட்டி மாதிரி வெயிலில் காயவைத்து எரித்திருக்கிறார்கள். பிறகு முதலாளிகள் வந்தார்கள், ரயில் வந்தது, ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் சுரங்கத்துக்குப் போனார்கள். உலக யுத்தத்தில் குண்டு விழுந்து கோயில் இடிந்தது. அதே ஆட்கள் அதே கல்லைப் பொறுக்கித் திரும்பக் கட்டினார்கள். இப்போது அந்தச் சுரங்கம் வளர்ந்து வளர்ந்து ஊர் வாசலுக்கே வந்துவிட்டது. முதலில் கல்லறைகளை மாற்றினார்கள். அப்புறம் பள்ளிக்கூடம். பஸ்ஸும் நின்றது. சுரங்கக்காரர்கள் கட்டிக்கொடுத்த புது ஊருக்கு எல்லாரும் போய்விட, ஹெல்காவின் அப்பா மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். ஆயுசு முழுக்க அந்தச் சுரங்கத்தில் உழைத்தவர்.

"அங்க ஆள் இருக்கு சார்" என்றேன்.

"யாரு?"

"ஹெல்காவோட அப்பா."

"ஒருத்தர் இருந்தா அது ஊராம்மா?"

"அப்ப எத்தனை பேர் இருந்தா ஊரு? சொல்லுங்க, தெரிஞ்சுக்கிறேன்."

ஹெல்கா என் கையைத் தொட்டாள். "விட்டுவிடு தனம். உன் வேலைக்கு ஆபத்து" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள்.

"நீ சும்மா இரு" என்றேன்.

ஜெகதீசன் குரலைத் தாழ்த்தினார். "இது மேலிடத்து முடிவு. கோபாலுக்கு வேற வேலை போயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். இந்த நேரத்துல உனக்கு எதுக்கும்மா இந்த வீம்பு?"

உண்மைதான். என் வீட்டுக்காரர் கோபாலுக்கு ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலை வேலை. தை பிறந்ததும் வழியை அடைத்துவிட்டார்கள். செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடியில் எங்கள் உலை என் சம்பளத்தில்தான் கொதித்தது. அதை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாம். பயந்திருந்த எனக்கு அதோடு பயம் போய்விட்டது.

"சார், இந்த ஆபீசுல என்னை எப்படிக் கூப்பிடுறாங்க?"

"மிஸஸ் ஆலங்கொல்லை."

"அது யார் பேரு?"

அவருக்குத் தெரியும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஊர்ப் பெயரும் அப்பா பெயரும்தானே இனிஷியல். விமான நிலையத்தில் குடும்பப் பெயர் என்னவென்று கேட்டபோது, முதலில் நிற்கும் எழுத்தைக் கேட்கிறார்களாக்கும் என்று ஊரைச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து சம்பளக் காசோலை வரை ஆலங்கொல்லைதான். கோபால்கூட இங்கே மிஸ்டர் ஆலங்கொல்லை.

"நெய்வேலிப் பக்கம் இருந்துச்சு சார் அந்த ஊரு. அதுக்கு அடியிலயும் இதே கரிதான். நாங்க அங்க குடியிருக்கும்போதே எவனோ ஒரு புண்ணியவான் படத்துலேர்ந்து எடுத்துட்டான். அதுக்கப்புறம் எங்க போய் நின்னாலும், அப்படி ஒரு ஊரே இல்லையேன்னாங்க. பஸ் வரல, தபால் வரல. என் தம்பிக்கு வாந்தி பேதி கண்டப்ப டாக்டர் வரல. வீட்டை இடிச்சதுகூட எனக்குப் பெரிசாத் தெரியல சார். உசுரோட இருக்கும்போது இல்லைன்னாங்க பாருங்க, அதான் இன்னும் எரியுது."

பிளேடை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். "நான் எடுக்க மாட்டேன். எடுக்கணும்னா நீங்க எடுங்க. நாளைக்கு என்னை வர வேண்டாம்னாலும் சரி."

அவர் வாங்கவில்லை. முகம் சிவந்திருந்தது. "அந்தக் கிழவர் இன்னும் அங்கதான் இருக்கார்னு யாருக்குத் தெரியும்? போன வாரமே கிளம்பியிருக்கலாம்."

ஹெல்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எதைப் பற்றிப் பேச்சு என்று புரிந்திருக்க வேண்டும். எழுந்து நேராக அவர் அறைக்குப் போய், ஆபரேட்டரிடம் ஜெர்மனி எண்ணைக் கேட்டாள். நாங்கள் பின்னால் போனோம். இணைப்புக் கிடைக்க நேரமாயிற்று. கிடைத்ததும், ரிசீவரைத் தன் காதில் வைக்காமல் ஜெகதீசன் கையில் கொடுத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிழவர் போய்விட்டாரோ?

பிறகு ஒரு கரகரத்த குரல். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"ப்ரோய்க். லிண்ட்கிராத்."

தன் பெயர், தன் ஊர். அவ்வளவுதான் சொன்னார். ஜெகதீசன் பேசாததால் கிழவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இன்னும் பலமாக, ஊர்ப் பெயரை முதலில் வைத்து, திரும்பவும் சொன்னார். அதற்குப் பின்னால் ஏதோ எந்திரம் அரைக்கிற சத்தம் விடாமல் கேட்டது.

ஜெகதீசன் ரிசீவரை ஹெல்காவிடம் கொடுத்தார். அவள் அப்பாவோடு அழாமல் பேசினாள்.

"இருக்கட்டும்மா" என்றார் என்னிடம். "மேல கேட்டா நான் பார்த்துக்கிறேன்."

"அடுத்த பதிப்புல?"

"அப்ப எடுத்துதான் ஆகணும்."

"எடுங்க. என் கையால இல்ல."

மேஜைக்குத் திரும்பி, லிண்ட்கிராத்தின் மேல் விரலை வைத்து இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தேன். ஜெகதீசன் சாருக்கு நான் நன்றி சொல்லவில்லை. இருக்கிற ஊரை இருக்கிறது என்று விட்டுவைத்ததற்கு எதற்காம் நன்றி?