கேள்விக்குறி போட்ட ஆள்

மதியம் வீட்டுக்கு வந்ததிலிருந்தே அவள் செல்போனைக் கீழே வைக்கவில்லை. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க அடுத்தவர் கையில் ஊசி குத்துகிறவள், செல்போனில் தெரியும் ஒரு எண்ணுக்குப் போய் இப்படித் தவிப்பாளா என்று கேட்கலாம். கேட்கிறவர் இணையத்தில் செஸ் ஆடியிருக்க மாட்டார், அவ்வளவுதான். அவள் ரேட்டிங், அதாவது வெற்றி தோல்வியை வைத்துச் செஸ் தளம் போடும் மதிப்பெண், ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. மருத்துவமனைகளுக்கு இடையே நடக்கும் போட்டியில் சேர ஆயிரத்து அறுநூறு வேண்டும். இன்று மாலையோடு பெயர் கொடுப்பது முடிகிறது. அணியைப் பார்த்துக்கொள்ளும் தலைமை நர்ஸ், ஒரு புள்ளி குறைந்தாலும் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

அந்த எண்மீது அவளுக்குத் தனி மரியாதை. சொந்தக்காரர்கள் அவளைக் கெட்டிக்காரி என்பார்கள், ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால் இன்னும் சத்தமாக. வீட்டில் பலகை போட்டால், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் அவளை ஜெயித்ததாக ஞாபகமே இல்லை. ஆனால் முகம் தெரியாதவன் முகத்தாட்சண்யம் பார்க்க மாட்டான் அல்லவா? அவள் வாழ்க்கையில் யாரும் தயவு பண்ணித் தராதது அந்த எண் ஒன்றுதான்.

முழு நியாயம் என்று அதையும் சொல்ல முடியாது. புதிதாக யார் வந்தாலும், குதிரையை நகர்த்தத் தெரியாதவனோ மகா சூரனோ, ஆயிரத்து ஐந்நூறில் உட்கார வைத்துப் பக்கத்தில் ‘பலம் இன்னும் தெரியாது’ என்று ஒரு கேள்விக்குறி போட்டுவிடும் அந்தத் தளம். அந்தக் கேள்விக்குறி ஆசாமிகள் என்றாலே அவளுக்குக் கிலி. ஜெயித்தால் சில்லறைப் புள்ளி. தோற்றாலோ ஒரு வார உழைப்பு போச்சு.

இன்றைக்குப் பார்த்து அவளை ஆட்டத்துக்குக் கூப்பிட்டதும் அப்படி ஓர் ஆள்தான். நேரம் போய்க்கொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டாள். அவன் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளி ஆரம்பித்தான், ராணியைப் பறிகொடுத்தான், தோற்றான். ஐந்து புள்ளி ஏறியது. உடனே இன்னோர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். இதையும் ஜெயித்தால் ஆயிரத்து அறுநூறைத் தொட்டுவிடும். காலை மடக்கிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுபடியும் அதே ஓரத்துச் சிப்பாய். பக்கத்து அறையிலிருந்து ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம், செல்போனில் காய் நகர்த்தினால் வருவது.

அவளுக்குச் சுருக்கென்றது. தலைவலி என்று லீவு போட்டுவிட்டு அங்கே படுத்திருந்தவர் அவள் கணவர். வீட்டுப் பலகையில் அவருடைய முதல் நகர்த்தலும் எப்போதும் இதேதான். “கதவைத் திறந்து வைக்கிறேன், வா” என்பார். அவள் காய் நகர்த்தினாள். அங்கே ‘டக்’. இங்கே அவன் ராணி, வெட்டிக்கொள் என்று அவள் குதிரைக்கு எதிரே வந்து நின்றது. வீட்டிலும் ராணி இப்படித்தானே போகும், ஒவ்வொரு தடவையும்?

ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்துப் பொறுக்காமல்தான் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கிறார். அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அழுகை முட்டியது. குதிரையை ஒரு தட்டுத் தட்டினால் போட்டியில் இடம். கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அவள் ராணியைத் தொடாமல், வேறு சிப்பாயை நகர்த்திவிட்டு, ஆட்டத்துக்குக் கீழே இருந்த பேச்சுப் பெட்டியில் எழுதினாள்: ‘எனக்கு வேண்டாம். ஒழுங்கா ஆடுங்க.’

பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்திருப்பார். பிறகு ‘டக்’. ராணி பின்வாங்கியது.

அதற்கப்புறம் எதிரே ஆடியவரை அவளுக்குத் தெரியவே தெரியாது. யானையைக் கட்டிப்போட்டார், மந்திரியை மடக்கினார், ராஜாவை மூலைக்கு ஓட்டினார். முட்டி மோதிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஏறிய ஐந்தும் போய், அதற்கு மேலும் இறங்கியது. போட்டியும் போயிற்று.

கணவர் கையில் செல்போனோடு அறை வாசற்படியில் வந்து நின்றார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வீட்ல இத்தனை வருஷமா நான் ஜெயிச்சதுல ஒண்ணாவது நிஜமா?” என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். அந்த யோசனையே அவளைக் கொன்றது.

“ஒண்ணு. எனக்கு ஜுரம் அடிச்ச அன்னிக்கு.”

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து பலகையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இப்ப ஜுரம் இல்லையே?” என்றாள். “உட்காருங்க.”