குண்டு என்று எழுதிய குழாய்

அண்ணனுக்குப் பசி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் அவன் ஆராய்ச்சி செய்வது பசியைப் பற்றி. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது என்று தங்கைக்கு அடிக்கடி தோன்றும்.

அவள் பேருந்து ஓட்டுகிறவள். எடை குறையாவிட்டால் இனி ஸ்டீயரிங்கைத் தொட முடியாது என்று பணிமனையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அண்ணனின் ஆராய்ச்சியில் சேர்ந்தால் புது மருந்து கிடைக்கும். அதற்காகத்தான் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள்.

"வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்கு மருந்து ஒண்ணுதான் கேடு" என்று முணுமுணுத்தபடியேதான் சேர்த்துக்கொண்டான். ஒப்பிட்டுப் பார்க்க ஒல்லியானவர்களின் ரத்தமும் வேண்டுமாம். அதற்குத் தன் கையையே நீட்டினான். ஈர்க்குச்சிக்கு வந்த பெருமையைப் பாருங்கள்!

குழாயில் சொந்தப் பெயர் எழுதக்கூடாது, வேறு ஏதாவது பெயர்தான் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. ரத்தம் கொடுத்த கையோடு அண்ணன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"சாருக்கு என்னக்கா எழுத?" என்று கேட்டாள் நர்ஸ்.

"சின்ன வயசுல வீட்ல கூப்பிட்ட பேரையே எழுதும்மா" என்று தங்கை ஒரு பெயரைச் சொன்னாள். தனக்கும் ஒன்று சொன்னாள்.

பிற்பகலில் தங்கையும் நர்ஸும் ஓரமாக இருக்க, பயிற்சி மருத்துவர்கள் சூழ்ந்து நிற்க, அண்ணன் பிரசங்கத்தை ஆரம்பித்தான்.

"ரத்தத்துல கொழுப்பைச் சுமந்துக்கிட்டுப் போற துகள்கள் இருக்கு. வயித்துல சுரக்கிற பசி ஹார்மோன் அதுல தொத்திக்கிட்டுப் போகுது. 'போதும்'னு சொல்ற ஹார்மோன் உடம்புல இருக்கிற கொழுப்புலேர்ந்தே வருது. பருமனானவங்க ரத்தத்துல அது ஏராளமா இருக்கும். ஆனா மூளைதான் காதுலயே போட்டுக்காது."

இவ்வளவும் தெரிந்தவன், வீட்டில் அவள் இரண்டாவது முறை பரிமாறிக்கொண்டால் தட்டையே முறைப்பான். மூளை காது கொடுக்காததற்கு வாயைத் திட்டுகிறானே, படித்த முட்டாள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் ஒரு குழாயைத் தூக்கிக் காட்டினான். சிவப்பணுக்கள் அடியில் படிந்து, மேலே நின்ற நீர் பால்போல வெளுத்திருந்தது.

"குண்டு! பேரைப் பாருங்க, அவளே ஒத்துக்கிட்டா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "வெறும் வயித்துல எடுத்தா இது தெளிவா இருக்கணும். மூக்கு முட்டத் தின்னுட்டு வந்து வெறும் வயிறுன்னு புளுகியிருக்கா."

"பச்சைத் தண்ணி பல்லுல படாம வந்தேன், அண்ணே."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. பொய் சொல்றவங்களுக்கு இங்க மருந்து கிடையாது. கிளம்பு."

ஆனால் அவள் கிளம்பவில்லை.

"சின்ன வயசுல அம்மா யாரைக் குண்டுன்னு கூப்பிட்டாங்க? தொடை மடிப்புக்கெல்லாம் பவுடர் போட்டே ஓய்ஞ்சு போனேன்னு இன்னிக்கும் சொல்றாங்களே, யாருக்கு? எனக்கு நான் எழுதச் சொன்ன பேரு ஒல்லி. என் குழாய் அதோ தெளிவா நிக்குது பாரு."

அண்ணன் நர்ஸைப் பார்த்தான்.

"ஆமா சார். குண்டு நீங்கதான். நானே எடுத்து நானே எழுதினேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லாருடைய பார்வையும் அவன் வாய்மேலேயே இருந்தது. அங்கே ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?" என்று பயிற்சி மருத்துவர்களில் ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா. சத்தியமா வெறும் வயிறுதான்." அவன் தங்கை பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லேன், நான் என்னிக்காவது மூக்கு முட்டத் தின்னு பார்த்திருக்கியா?"

அவன் சொல்வது பொய்யில்லை என்று தங்கைக்குத் தெரியும். கோளாறு வாயில் இல்லை, ரத்தத்தில். அதை அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த அறையில் யார்?

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க, அண்ணே" என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நர்ஸிடம் திரும்பினாள். "எனக்கு மருந்து எப்போ தருவீங்கம்மா?"