முன்னால் இழுத்திருந்த சீட்

ஊரில் அவரைப் புலி என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் கம்பெனி ஷெட்டில் தீப்பிடித்த அன்று, டீசல் பீப்பாய்களை ஒட்டி நின்ற வண்டியைப் புகைக்குள் புகுந்து வெளியே ஓட்டி வந்து, பக்கத்துத் தெருவையே காப்பாற்றிய டிரைவர் அல்லவா? கடைக்காரர்களுக்குப் புலி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புலி மாமா. பெற்ற மகளே செல்லமாக அப்படித்தான் சொல்வாள். பெண்டாட்டி மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. கரப்பான்பூச்சி பறந்தால் நாற்காலிமேல் ஏறுகிற மனிதரை எந்த வாயால் கூப்பிடுவது என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

உண்மைக் காரணம் வேறு. அன்று வண்டியை ஓட்டியது அவள்தான்.

கல்யாணமான புதிதில் மற்ற ஜோடிகள் சினிமாவுக்குப் போனார்கள். இவர்கள் விடுமுறை நாளில் ஆளில்லாத ஷெட்டுக்குப் போனார்கள். எனக்கும் ஓட்டக் கற்றுக் கொடுங்கள் என்று அவள் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. அது ஒன்றுக்காகவே அவரை அவளுக்கு உயிராகப் பிடித்துப்போயிற்று. அவர்களுடைய காதல் டீசல் வாடையில் வளர்ந்த காதல்.

தீப்பிடித்த அன்று அவள் சாப்பாடு கொண்டு போயிருந்தாள். வண்டிக் கதவுவரை ஓடிய மனிதர் அங்கேயே நின்றுவிட்டார். உடம்பெல்லாம் நடுக்கம், கால் வரவில்லை. தூக்குச்சட்டியை அவர் கையில் திணித்துவிட்டு அவள் ஏறினாள். வண்டி மைதானத்துக்கு வந்து நின்றது. பின்னாலேயே ஓடி வந்த அவர், இருமிக்கொண்டு இறங்கியவளைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தார். புகை விலகிக் கூட்டம் வந்தபோது வண்டியருகே நின்றவர் டிரைவர். விடுவார்களா? தோளில் தூக்கிவிட்டார்கள். "நான் இல்ல..." என்று அவர் வாயெடுக்க, வேண்டாம் என்று அவள் கீழிருந்து தலையசைத்தாள். லைசென்ஸ் இல்லாதவளுக்குக் கம்பெனி வண்டியில் கற்றுக் கொடுத்தது தெரிந்தால் அவர் வேலை போய்விடும்.

அதன்பிறகு இருவருக்கும் நடுவில் அந்தப் பேச்சே கிடையாது. அவர் ஓய்வும் பெற்றுவிட்டார்.

இப்போது மகளோடு சேர்ந்து மூவரும் கம்பெனி முதலாளியின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கனரக வண்டி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அப்பா ஓட்டிய நெடுந்தூர வண்டியைக் கேட்டு வந்திருந்தாள். கிடைக்காவிட்டால் பழையபடி பள்ளிக்கூட வேன்தான். முதலாளியின் தலைக்குமேல் சட்டம் போட்ட படத்தில் புலி விறைப்பாக நின்றார்.

"பொண்ணு கெட்டிக்காரிதான். இல்லேன்னு சொல்லல," என்றார் முதலாளி. "ஆனா இது பெரிய வண்டி, புலி. ஒரு ஆபத்துன்னா? அன்னிக்கு உன் இடத்துல ஒரு பொம்பளை இருந்திருந்தா, யோசிச்சுப் பாரு, இந்தத் தெரு இருக்குமா?"

மகளின் முகம் தொங்கிப்போயிற்று. தாய்க்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் மகள் ஜெயிப்பாள், புருஷன் ஊர் சிரிக்கக் கூனிக்குறுகிப் போவார். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவர் எழுந்து நின்றார். "பொம்பளைதான் சார் இருந்தா."

"என்னய்யா?"

"ஓட்டினது இவ. நான் பயந்துபோய் கதவுகிட்டயே நின்னுட்டேன். ஊரு தூக்கிவிட்டுச்சு, எனக்கு இறங்கத் தைரியம் வரல."

முதலாளி சிரித்தார். "பொண்ணுக்காகக் கதை கட்டறியா?"

நெடுந்தூர வண்டியின் சாவியைக் கொடுக்க வந்து வாசலில் நின்ற கிழட்டு மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "கதை இல்ல சார். அன்னிக்கு வண்டியைப் பார்த்தவன் நான். சீட் முன்னால கடைசி வரைக்கும் இழுத்திருந்துச்சு. புலி உசரத்துக்கு அதுல முட்டிகூட அடங்காது. நான்தான் பின்னால தள்ளி வெச்சேன்."

"இத்தனை நாள் ஏன்யா சொல்லல?"

"யாரும் கேக்கலையே சார்."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "நிஜமாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. பழக்கதோஷம். ஆனால் புருஷன் கண்கலங்கியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க," என்றாள் தலை நிமிர்ந்து. "இவரு கத்துக் குடுத்ததுதான்."

மகள் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலாளி மெக்கானிக்கைப் பார்த்து, "சாவியை அந்தப் பொண்ணுகிட்டயே குடு. ஒரு சுத்து போய்ட்டு வரட்டும்," என்றார். "என் வாய் இருக்கே..." என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வெளியே ஷெட் வாசலில் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "மெக்கானிக் வாய் சும்மா இருக்காது. சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் தெரிஞ்சிடும். இனிமே யாரும் என்னை அப்படிக் கூப்பிட மாட்டாங்க."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வண்டி ஓட்டுவது என்ன பெரிய காரியம், ஏறினால் ஓடும். ஊரே சேர்ந்து ஏற்றிய தோளிலிருந்து தானாக இறங்குவதற்கு எத்தனை பேரால் முடியும்? இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு அவள் கர்வப்பட்டாள்.

உள்ளே எஞ்சின் உறுமியது. பெரிய வண்டி மெல்லத் திரும்பி வாசலை நோக்கி வந்தது.

அவள் அவர் தோளைத் தொட்டு ஓரமாக இழுத்தாள்.

"தள்ளி நில்லுங்க புலி. நம்ம பொண்ணு வர்றா."