சுற்றாத பந்து

"வலது கைய நல்லாப் புடிங்க தம்பி, மடங்குது," என்றார் உடலைக் குளிப்பாட்ட வந்தவர்.

நதீம் அத்தாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வீட்டின் பின்பக்கம் நாலு புறமும் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். அத்தாவின் கடைத் தார்ப்பாய்தான். லாரிச் சரக்கை மூடுவதற்கென்று தைத்தது. பரக்கத் அலி கடைத் தார்ப்பாய்க்குள் மழை இறங்காது என்று சூரமங்கலத்தில் ஒரு பெயர் உண்டு. இன்று மழை வருவதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

"இந்த ஆள்காட்டி விரல்ல என்னங்க இவ்வளவு காய்ப்பு? தையல் மிசின்ல உக்காருவாரா?"

"டேபிள் டென்னிஸ் வெளையாடுவாருங்க."

"இந்த வயசுலயா?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும்."

குளிப்பாட்டுபவர் ஒரு சொம்புத் தண்ணீரை அள்ளி ஊற்றினார். அவருடைய அனுபவத்தில் நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் எல்லோரும் ஏதாவது செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அத்தாவுக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடப்பதில் யாரையும் ஜெயிக்க முடியாது என்பதால் அத்தா அதை ஒரே வாரத்தில் விட்டுவிட்டார். ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. அங்கே மனம் மகிழ்வதற்கு ஒரு கேரம் போர்டும், ஒரு டேபிள் டென்னிஸ் மேசையும், தமிழரசுவும் இருந்தார்கள். தமிழரசு எடப்பாடிக்காரர், ரயிலில் டிக்கெட் பரிசோதகர். காலேஜ் நாளில் கோப்பையெல்லாம் வாங்கியவர். அத்தா அவரிடம் முதல் நாள் தோற்றார். அதன் பிறகு வருஷக்கணக்காகத் தோற்றார். விடுமுறை நாட்களில் காலையிலும் போய்த் தோற்றுவிட்டு வந்தார்.

அதற்காக அவர் உழைத்த உழைப்பைக் கடைக்கு உழைத்திருந்தால் நாமகிரிப்பேட்டையில் ஒரு கிளை திறந்திருக்கலாம் என்பது அம்மாவின் கணக்கு. கல்லாவுக்குப் பின்னால் முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, காற்றில் அடித்துக்கொண்டிருப்பார். தார்ப்பாய் வாங்க வந்த லாரிக்காரர்கள் அவருக்கு இடுப்புப் பிடிப்பு என்று நினைத்துத் தைலத்தின் பெயர் சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு போனில் பாடம் பார்க்க ஆரம்பித்தார். ஏதோ ஒரு நாட்டுப் பெண் ஏதோ ஒரு பாஷையில் சொல்லிக்கொடுப்பாள். அத்தா ஒலியை அணைத்துவிட்டு அவள் மணிக்கட்டை மட்டும் பார்ப்பார். அதைப் பார்க்க வேண்டாம் என்று அம்மா சொன்னதற்கு வேறு காரணங்கள் இருந்தன.

கடைசி ஒரு வருஷம் முழுக்க ஒரே ஒரு சர்வீஸ்தான். சாப்பாட்டு மேசையின் நடுவில் ஊறுகாய் பாட்டில்களை வரிசையாக வைத்தால் அது நெட். மறுமுனையில் நதீம் நிற்க வேண்டும். அத்தா பேட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மட்டும் பிடித்து, மற்ற விரல்களைத் தளர்த்திவிட்டு, மணிக்கட்டைச் சொடுக்குவார். ஒரே சொடுக்குதான். ஆனால் ஒரு பந்து பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வரும், அடுத்தது சுற்றவே சுற்றாமல் வரும். எது எதுவென்று நதீமுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மாங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்று உடைந்ததுதான் மிச்சம்.

நேற்று இரவு அத்தா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "தமிழரச அடிச்சுட்டேன்," என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே, அந்த சர்வீஸில் எடுத்த பாயிண்டுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். நதீம் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "சூப்பர் அத்தா," என்றான். காலையில் பஜ்ர் தொழுதுவிட்டு வந்து டீ குடித்தார். டம்ளரைச் சிந்தாமல் கீழே வைத்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

கபன் துணி சுற்றி முடித்து நதீம் வாசலுக்கு வந்தபோது பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மன்றத்துக்காரர்கள் ஒரு வரிசையைப் பிடித்திருந்தார்கள். மன்றத்தின் செயலாளர் ரங்கன் வந்தவர்களுக்கெல்லாம் நேற்றைய ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மனுசன் போறதுக்கு மொத நாளு ஜெயிச்சுட்டுப் போயிருக்காரு பாருங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். தமிழரசு மாதிரி மனசு யாருக்கு வரும்? இத்தன வருசமா ஒரு கேம் உடாதவன், நேத்து பாத்து விட்டுக் குடுத்திருக்கானே. ஏதோ தோணியிருக்குது அவனுக்கு."

பக்கத்திலிருந்த தமிழரசு, "சும்மா இருங்ணா," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதில் அடக்கம் இருந்ததாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். யாரோ அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்னொருவர் அவருடைய முதுகைத் தட்டினார். அடுத்து வந்தவர், "நீங்கதான் விட்டுக் குடுத்தவருங்களா?" என்று கேட்டபோது தமிழரசு டம்ளருக்குள் பார்த்தபடி தலையை அசைத்தார். அது ஆமாம் என்றும் இருந்தது, டீயில் சர்க்கரை போதும் என்றும் இருந்தது. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கும்போது அவரே பேச ஆரம்பித்திருந்தார்.

"போன மாசத்துல இருந்தே அவருக்கு மூச்சு வாங்குச்சுங்க. நான் பாத்தனுங்க. நம்மளுக்கு இது வெறும் கேமு. அவருக்கு அப்பிடியில்லீங்களே."

கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நதீம் ஒரு நாற்காலியை இழுத்துச் சரியாகப் போட்டான். அது சரியாகத்தான் இருந்தது.

முகம் பார்க்கப் பெண்களைக் கடைசியாக ஒருமுறை அழைத்தார்கள். அம்மா பார்த்தாள். பிறகு நதீமின் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

"அந்தாளு வேணும்னே தோத்தாராமே. பக்கத்து ஊட்டு ஜோயா சொல்றா."

"யார் என்ன சொன்னா என்னம்மா இப்ப."

"நெசமானு கேட்டேன்."

நதீம் தூணைத் தாண்டி மன்றத்துக்காரர்களின் வரிசையைப் பார்த்தான்.

"ராத்திரி பூரா அதயேதான் சொன்னாரு. தூங்கவே விடல. நாந்தான் தூங்குற மாதிரிக் கெடந்தேன்." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "தெரிஞ்சுட்டு வா. புருசன் போனவ நாலு மாசம் இந்த ஊட்டுக்குள்ளயே உக்காந்திருக்கணும். எதையாவது நெனச்சிட்டுத்தான உக்காரணும்."

அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். நதீம் முன்பக்கம் தோள் கொடுத்தான். யாரிடம் தெரிந்துகொண்டு வர வேண்டுமோ அந்த ஆள் பின்னால் எங்கோ, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மரியாதையாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு வரிசை கட்டியதும் தொழவைக்கும் ஹஜ்ரத் நதீமைத் தொட்டு முன்னால் நிறுத்தினார். வாரிசு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நதீம் அதைப் பலமுறை கேட்டிருக்கிறான். சொல்வது இதுதான் முதல்முறை.

"எங்க அத்தா யாரு மனசயாச்சும் நோகடிச்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிருங்க. தீராத வெவகாரம் ஏதாச்சும் இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க."

"மன்னிச்சுட்டோம்," என்று வரிசைகள் முணுமுணுத்தன. அது ஒரு வழக்கம். அதற்காக யாரும் யோசிப்பதில்லை.

வெளித் தாழ்வாரத்தில், தொழாதவர்கள் நிற்கும் இடத்திலிருந்து, கொஞ்சம் தாமதமாக ஒரு குரல் வந்தது.

"நானும் மனசார மன்னிச்சுட்டேனுங்க."

சிலர் திரும்பிப் பார்த்தார்கள். தமிழரசு கைகட்டி நின்றிருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பொய்யாகக் கலங்கவில்லை. ரங்கன் அவருடைய தோளில் கை போட்டார். ஹஜ்ரத் தக்பீர் சொன்னார். நதீமும் காதுவரை கைகளை உயர்த்திக் கட்டிக்கொண்டான். தொழுகை முடியும்வரை அவன் மனதில் ஓதவேண்டியது ஓடவில்லை. தானாகக் கொடுத்த ஒன்றுக்கு ஒருவன் எதற்கு மன்னிக்க வேண்டும் என்பதுதான் ஓடியது.

கபர்ஸ்தானில் மண் செம்மண். எல்லோரும் மும்மூன்று கைப்பிடி போட்டார்கள். தமிழரசும் போட்டார், குனிந்து, நிதானமாக. மேடு எழும்பியதும் தண்ணீர் தெளித்து, துஆ ஓதி, கூட்டம் கலைந்தது. நதீம் வாசல் கேட்டருகே நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தான்.

மன்றத்துக்காரர்கள் ஒன்றாக வந்தார்கள்.

"அத்தா பேர்ல ஒரு டோர்னமெண்ட் போட்டுரலாம் சாமி," என்றார் ரங்கன். "தொடக்கத்துலயே நம்ம தமிழரசுவுக்கு ஒரு சால்வ. இந்த மாதிரி மனசெல்லாம் நாலு பேருக்குத் தெரியணும். என்னடா தமிழரசு?"

"எதுக்குங்ணா அதெல்லாம்," என்றார் தமிழரசு. வேண்டாம் என்று சொல்லவில்லை.

ரங்கன் பைக்கை எடுக்கப் போனார். மற்றவர்களும் அவரவர் வண்டிக்குப் போனார்கள். தமிழரசு நதீமின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாரேன் தம்பி. அம்மாவப் பாத்துக்கோங்க," என்றார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்த சர்வீஸ எப்பிடி எடுக்கணும்?"

தமிழரசு புரியாதவர் போலப் பார்த்தார். "எந்த சர்வீஸு?"

"நேத்து போட்டாரே. வீட்டுல என்கிட்டயும் போடுவாரு. ஒரு தடவகூட எடுக்க முடியல. நீங்க தெரிஞ்சுதான விட்டீங்க. எப்பிடினு சொல்லுங்க, நான் கத்துக்கறேன்."

"அது ஒண்ணுமில்லீங்க தம்பி." தமிழரசு வலது கையை எடுத்தார். உள்ளங்கையைப் பேட் போல விரித்துக் கொஞ்சம் வானம் பார்க்கச் சாய்த்தார். "பந்து பின்னால சுத்திட்டு வருதுங்களா, நாம இப்பிடிச் சாய்ச்சு, லேசா அடியில தள்ளிரணும். அவ்வளவுதானுங்க."

"சுத்தாத பந்தா இருந்தா?"

"ஏனுங்க?"

"சுத்தாத பந்த இப்பிடித் தள்ளுனா மேல எழும்பிரும். அத்தா ஒரே அடியா அடிச்சுருவாரு."

"ஆமாங்க. அப்ப நேரா வெக்கோணும்." தமிழரசு உள்ளங்கையை நிமிர்த்தினார். "நேரா வெச்சு…"

"சுத்துற பந்தா இருந்தா நெட்டுல விழுந்துரும்."

"விழுந்துரும்," என்றார் தமிழரசு.

சாலையில் ஒரு லாரி போனது. தமிழரசு உள்ளங்கையை மறுபடி சாய்க்கப் போய்ப் பாதியில் நிறுத்தினார்.

"வர்றது எதுன்னு மொதல்லயே பாத்துரோணும் தம்பி. கைலயே தெரிஞ்சுரும்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பனுங்களா? ராத்திரி பூரா அதத்தான்…"

அவர் நிறுத்திக்கொண்டார். காது மடல் சிவந்தது. உள்ளங்கை மட்டும் அந்தரத்தில் அப்படியே, நேராகவும் இல்லாமல் சாய்ந்தும் இல்லாமல் நின்றது. அதன் ரேகைகளில் செம்மண் காய்ந்து அப்பியிருந்தது.

"தமிழரசு, வாடா," என்று ரங்கன் பைக்கில் இருந்தபடி கூப்பிட்டார்.

தமிழரசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நதீம் தள்ளி நின்று வழிவிட்டான். அவர் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தார். ரங்கன் உற்சாகமாக ஏதோ பேசிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார், அநேகமாகச் சால்வையைப் பற்றி. தமிழரசு அதற்குப் பதில் சொன்ன மாதிரித் தெரியவில்லை. அவருடைய வலது கை தொடைமேல் இருந்தது. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது அது ஒருமுறை மல்லாந்தது, பிறகு நிமிர்ந்தது. ஜங்ஷன் பக்கம் திரும்பும்வரை மல்லாந்துகொண்டும் நிமிர்ந்துகொண்டும் இருந்தது.