நாற்பத்திரண்டு தேவதாரு வேர்கள்

1988 மே பதினேழாம் தேதி, ஹைதராபாத்தில் வெயில் கொளுத்திய நண்பகலில், நாச்சாரம் மர நோய் ஆய்வுக்கூடத்துக் குடியிருப்பில் ஆய்வாளர் கல்பகத்தின் வீட்டின்மேல் மட்டும் பனி விழத் தொடங்கியது. அன்று காலைதான் இமயமலைச் சரிவொன்றின் பல மூலைகளிலிருந்து நாற்பத்திரண்டு தேவதாரு வேர்த்துண்டுகள் சோதனைக்காக அவள் பெயருக்குப் பார்சலில் வந்திருந்தன. அக்கம்பக்கத்தார் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் மோர்ப் பாத்திரங்களை அவள் வாசல் பனியில் செருகிவிட்டு வேலைக்குப் போனார்கள். கணவர் ஜகதீசன் செகந்திராபாத்தில் பழைய ராணுவக் கம்பளிக் கோட்டு இரண்டு வாங்கி வந்தார்.

அந்தச் சரிவில் மரங்கள் வேர் அழுகிச் செத்துக்கொண்டிருந்தன. பூஞ்சை எங்கும் பரவிவிட்டது என்று சொல்லி நாலாயிரம் மரங்களையும் வெட்ட ஒரு மரக் கம்பெனி தயாராக நின்றது. மலைக் கிராமத்தார் அதைத் தடுக்க வழக்குப் போட்டிருந்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லா வேரிலும் ஒரே வெள்ளை இழைதான். கல்பகம் அதோடு விடவில்லை. இழைகளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, நொதி விட்டு நறுக்கி, மின்சாரம் பாய்ச்சி ஜெல் தகட்டில் ஓட்டினாள். புற ஊதா விளக்கின் கீழே கோடுகள் இரண்டு விதமாக வந்தன. ஒன்பது வேரில் இருந்தது உயிருள்ள மரத்தைக் கொல்லும் பூஞ்சை. அந்த ஒன்பதும் ஓடைக்கரை மூலையில் எடுத்தவை. மீதி முப்பத்திமூன்றில் இருந்தது செத்த கட்டையை மட்டும் தின்னும் அதன் பங்காளி.

துணை இயக்குநர் வெங்கடகிருஷ்ணன் எல்லா மரத்துக்கும் நோய் என்று அறிக்கையை முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் போதும், மேலே அவசரப்படுகிறார்கள் என்றார்.

"முப்பத்திமூணு வேர்ல அது இல்ல சார். இல்லாததை இருக்குன்னு நான் எழுத மாட்டேன்."

"அப்போ உங்களுக்கு இங்க ஃப்ரீசரும் இல்லம்மா."

ஃப்ரீசர் சாவியைக் கேட்டு ஆள் வருவதற்குள் கல்பகம் மாதிரிகளை எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, காவல்காரர் பார்க்கவே இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நடையைத் தளர்த்தவில்லை. வீட்டுக் கொல்லையில் முழங்கை ஆழப் பனியைத் தோண்டி டப்பாவைப் புதைத்தாள். பிறகு தினமும் மாலையில் ஒரு டம்ளர் பனியில் சில மாதிரிகளைச் செருகிக்கொண்டு பஸ் ஏறி, கூடப் படித்த அபயாம்பாளின் கல்லூரிக் கூடத்தில் ஜெல் ஓட்டினாள். மூன்று முறை செய்தும் நோயுள்ள வேர்கள் ஒன்பதாகவே இருந்தன. முடிவைத் தன் பெயரிலேயே எழுதி, காட்டு வழக்கை விசாரித்த நீதிபதிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஆகஸ்டில் உத்தரவு வந்தது: ஓடைக்கரை மரங்களை எடுத்துவிட்டுச் சுற்றிலும் அகழி வெட்ட வேண்டும், மற்றவற்றில் கோடரி படக் கூடாது.

வெங்கடகிருஷ்ணன் அவளை ஸ்டோருக்கு மாற்றினார், குடியிருப்பையும் காலி செய்யச் சொன்னார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். கல்பகம் பதிலுக்கு, முடிவின் இன்னொரு நகலை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.

உப்பலில் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஊழியர் குடும்பத்து நாகம்மாவின் மாடிப் போர்ஷன் கிடைத்தது. லாரியிலிருந்து பீரோ இறங்கும்போதே மொட்டை மாடியில் பனி விழ ஆரம்பித்தது. நாகம்மா அண்ணாந்து பார்த்தாள். எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு பேர் என்றாள் கல்பகம்.

"ஹவ், சரி. மோட்டார் காலைல ஆறு மணிக்குப் போடுவேன். தண்ணி பிடிச்சு வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள்.